ஊதாச் சேலை போட்ட வாக்கு

ஒரு மனுஷியை அடையாளம் கண்டுபிடிப்பது முகத்தை வைத்தா, அவள் கட்டியிருக்கும் சேலையை வைத்தா?

சிரிக்காதீர்கள். புதிதாகப் பொட்டணி கட்டித் துணி விற்க வந்திருக்கும் நீங்கள் இதற்குப் பதில் தெரிந்துகொண்டுதான் தேயிலைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்ட வேண்டும். கோட்டும் தொப்பியும் போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அந்தப் பதில் தெரியவில்லை. தெரியாததால் ஒருத்தி ஜெயிலுக்குப் போகப் பார்த்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொல்லப் போகிறேன்.

நான் காலேஜில் பொருளாதாரம் படித்தவன். நான் படித்து முடித்த நேரம் பார்த்துத்தான் தேயிலை விலை விழுந்தது. கொழும்பில் ஒரு கம்பெனிக்காரனும் ஆள் எடுக்கவில்லை. வாப்பாவின் சிநேகிதர் ஒருவருக்குக் கண்டி கொழும்புத் தெருவில் புடவைக் கடை இருந்தது. அங்கே போய் நின்றேன். கல்லாவில் உட்கார வைப்பார் என்று நினைத்தேன். துணிமூட்டையைத் தோளில் ஏற்றி, "மடுல்கெல்ல பஸ் அங்க நிக்கிது, மகன்" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் என் நியமனக் கடிதம்.

துணி விரிப்பது, முழம் போடுவது, முடிச்சுக் கட்டுவது எல்லாம் அவரே உங்களுக்குப் பழக்குவார். அதில் நான் தலையிடவில்லை. அவர் எனக்குச் சொன்ன இரண்டு சட்டத்தை மட்டும் சொல்கிறேன். இந்தக் கதை முழுக்க அந்த இரண்டிலும்தான் தொங்குகிறது.

முதலாவது, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளைப் பற்றியது: "ஒரு லயத்துல ஒரே அச்சு ரெண்டு பேருக்குக் குடுத்துறாத. காம்பராவுக்குக் காம்பரா சண்ட வரும். ரெண்டு பேரும் ஒன்னயத்தான் ஏசுவாங்க."

இரண்டாவது: "வேலிக்கு உள்ளுக்குப் போனா நாக்கக் கழட்டிப் பொட்டணில வெச்சிக்கோ. தோட்டம் தொரைட காணி. அவர் விட்டா நாங்க வாரது, விடாட்டிப் போறது. வெளங்கிச்சா?"

விளங்கியது. அந்தக் காலத்தில் மேடையில் பேசுகிறவன், துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவன், சங்கம் சேர்க்கிறவன் ஒருவனும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. பொட்டணிக்காரன் மட்டும் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகலாம். வெளி உலகத்திலிருந்து அந்த லயத்துக்குள் வந்த ஒரே ஆள் நான்தான் என்றுகூடச் சொல்லலாம். முதலாளிக்கு அதன் பெறுமதி தெரியும். துரைக்கும் தெரியும்.

மடுல்கெல்ல பக்கத் தோட்டம் ஒன்றில் அங்கம்மா என்று ஒருத்தி. கொழுந்து எடுக்கிறவள். புருஷன் செத்துப்போய், இரண்டு பிள்ளைகளோடு ஒரே அறையான காம்பராவில் இருந்தாள். நான் முதல் முறை லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், துணியை விரித்தபோது, சுற்றி நின்ற பெண்களிடம் அவள் சொன்னாள்:

"பாருங்கடி, படிச்ச நானா ஒருத்தரு வந்திருக்காரு. துணிய விரிக்கச் சொன்னா பாடம் படிக்கிற மாதிரி விரிக்கிறாரு. சின்ன நானா, அடுத்த பக்கத்தத் திருப்புங்க, பாப்போம்."

எங்கள் ஆட்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்; அன்றிலிருந்து அந்த லயத்தில் நான் சின்ன நானா. அவள் துணியைத் தொட்டே இது எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொல்லுவாள். சொன்னது தப்பினால் அடுத்த மாதம் என்னைப் பிடித்து ஏசுவாள். நெய்தது நானா?

தேயிலை விலை விழுந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? விலையைத் தூக்க வேண்டுமென்று தேயிலை விளையும் தேசங்களெல்லாம் கூடிப் பேசி, கொழுந்தைக் குறைத்து எடு என்றார்கள். மேசையில் பேசினால் அது ஒப்பந்தம். லயத்தில் அதற்குப் பெயர் வேலை இல்லாத நாள். வாரத்தில் பாதி நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வேலையில்லாமல் திரும்பி வந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றியது ஜப்பான் துணி. சீமைத் துணியின் விலையில் பாதிகூட இல்லை. சாயம் பிடித்து நிற்கும், பூவும் கிளியும் போட்டிருக்கும். பிள்ளைகள் சட்டையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடம் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒருவன் மலிவாக நெய்ததால் மடுல்கெல்லையில் ஒரு சிறுமி எழுத்துப் படித்தாள். என் பொருளாதாரப் புத்தகத்தில் இருந்த ஒரே உண்மையான விஷயம் அதுதான்.

பொறுக்குமா? இங்கிலாந்தில் லங்காஷையர் மில்காரர்கள் கத்தினார்கள். ஜப்பான் துணிக்கு அளவு வைக்க வேண்டும் என்றார்கள். கொழும்புச் சபையில் நம்முடைய ஆட்கள், நீங்களும் நானும் அங்கம்மாவும் வாக்குப் போட்டு அனுப்பிய ஆட்கள், முடியாது என்றார்கள். நல்ல காரியம். பிறகு ஜப்பான் துணிக்கு அளவு வைத்து லண்டனிலிருந்து ஒரு கட்டளை வந்தது. முடிந்தது கதை. நூறு வருஷமாகச் சந்தையைத் திற, சந்தையைத் திற என்று நமக்குப் பாடம் நடத்தியவர்கள், அடுத்தவன் மலிவாக விற்றதும் சந்தையைச் சாத்தினார்கள். வாக்கை நம் கையில் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துச் சாவியைத் தங்கள் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் அரசியல் சீர்திருத்தமாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டடியில் வெள்ளைக்காரத் துரை குதிரையிலிருந்தபடி என் பொட்டணியைப் பிரம்பால் தட்டினார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்.

"உள்ளே என்னா? யப்பான் துணியா?"

"மிச்சம் கொஞ்சம்தான், தொரை."

"நீ படிச்ச ஆள். நல்லா கேளு. லங்காஷையர் மில்லு மூடினா அங்க ஆளுக்கு வேலை இல்லே. வேலை இல்லாட்டி அவன் தேத்தண்ணி குடிக்க மாட்டான். நம்ம தேயிலை விக்காது. இந்த ஆளுங்கதான் பட்டினி. வெளங்குதா? எல்லாம் ஒரே சங்கிலி."

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அது பொய் என்பதல்ல. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான். சங்கிலி இருந்தது. ஆனால் எந்த முனையை இழுத்தாலும் இறுகுவது ஒரே கழுத்து. நாக்கு பொட்டணிக்குள் இருந்ததால் நான் பேசாமல் உள்ளே போனேன். இஸ்தோப்பில் வைத்து அங்கம்மாவிடம் அந்தச் சங்கிலியைச் சொன்னேன்.

அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "அவுங்க ஊரு மில்லுக்காரன் பட்டினின்னா அதுக்கு நான் ஏன் அம்மணமா நிக்கணும்? நான் பட்டினி கெடந்தப்ப அவன் என்னாத்தக் கழட்டுனான்?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு என்னிடம் மிஞ்சியிருந்த ஜப்பான் சேலை ஒன்றே ஒன்று. ஊதா நிறம், வெள்ளைக் கிளி அச்சு. சீமைத் துணியைத் தொட்டுப் பார்த்து எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அந்த ஊதாச் சேலையை அங்கம்மாவும் இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்து வாங்கினார்கள். எனக்கு விளங்கவில்லை.

"ஒம்பது பேரும் ஒரு சேலைய என்ன செய்யப் போறீங்க?"

"ஓட்டுப் போடப் போறோம்," என்றாள் அங்கம்மா.

அடுத்த தேர்தல் அறிவித்திருந்த நேரம் அது. அந்த லயத்தில் வாக்கிருந்த பெண்கள் அந்த ஒன்பது பேர்தான். மற்றவர்களுக்கு இந்த ஊரில் நிரந்தரமாக இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லையாம். மலையை வெட்டித் தேயிலை நட்ட ஆட்களுக்கு அத்தாட்சி இல்லை! அதையும் எழுதத் தொடங்கினால் நான் மேசையை உடைத்துவிடுவேன், விடுங்கள்.

தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. வாக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் உங்களுக்குப் பிடித்த நிறப் பெட்டியில் போட வேண்டும். மடுல்கெல்ல பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும். மஞ்சள் பெட்டி தோட்டத் துரைமாருடைய ஆள். சிவப்புப் பெட்டிக்காரர் துணிக் கட்டளையை எதிர்ப்பேன், எல்லாருக்கும் வாக்குக் கேட்பேன் என்று ரோட்டில் நின்று கத்தினார். உள்ளே வர முடியாதே, கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். லயம்வரை கேட்டிருக்கிறது.

"இருக்குற சேலையக் கட்டிக்கிட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

அங்கம்மா தான் கட்டியிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே நார் நாராகத் தொங்கியது. மேலே இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கு. "கிழிஞ்சதோட போனா நாங்க கேக்குறதும் கிழிசலாத்தான் தெரியும், சின்ன நானா. கடத்தெருவுல அத்தன ஆம்பளைங்க நிப்பாங்க. உள்ளுக்குப் போறப்பயாவது மனுசியாப் போகணும்."

வாக்குப்பதிவு நாளன்று நான் பொட்டணியோடு கடைத்தெருவில்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடி. எதிரே ஒரு சிங்களப் பெண்ணின் தேத்தண்ணிக் கடை. நான் உள்ளே போய்த் தேத்தண்ணி கேட்டேன். பின்பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரே குசுகுசுப்பு. எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டேன். எட்டுப் பெண்கள், வேலைக்காட்டுக் கிழிசலோடு, விடியுமுன்னே வந்து விறகுக் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். நாலு பேர் வாக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள், நாலு பேர் இனிப் போக வேண்டியவர்கள். ஒருத்தி போய் வந்து சேலையை அவிழ்த்துக் கொடுக்க, அடுத்தவள் அதைக் கட்டிக்கொண்டு போகிறாள். ஐந்தாவதாக அங்கம்மா போயிருந்தாள்.

"போயி ரொம்ப நேரமாச்சு, சின்ன நானா," என்றாள் காத்தாயி. அந்த எட்டுப் பேரில் மூத்தவள் அவள்தான். "சேல வராம நாங்க வெளிய வர முடியாது. கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

போனேன். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால், உள்ளே மேசைக்கு முன்னால் அங்கம்மா ஊதாச் சேலையில் நிற்கிறாள். பக்கத்தில் பொலிஸ்காரன். தோட்டத்துக் கிளாக்கர், மஞ்சள் பெட்டிக்காரருடைய ஏஜெண்டாக உள்ளே இருந்தவர், மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"இந்தப் பொம்பள காலையிலேருந்து நாலு தரம் வந்துட்டா, இது அஞ்சாவது, சேர்! அடுத்த ஆள் பேருல ஓட்டுப் போடுறா. உள்ள தள்ளுங்க!"

அந்தக் கிளாக்கர் தினமும் அங்கம்மாவின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். அவளை மட்டுமல்ல, அந்த ஒன்பது பேரையும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்.

சாவடித் தலைவர் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஓம், இந்தச் சேலையை நானும் காலமை துவக்கம் கண்டனான். கிளி போட்ட ஊதா. ஒண்டு ரெண்டு தரமில்லை."

அங்கம்மா நிமிர்ந்தாள். "சேலையப் பாத்தீங்க, சரி. மூஞ்சியப் பாக்கலியா, ஐயா?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். பார்த்திருக்கவில்லை. தோட்டத்துப் பெண் என்றால் எல்லாம் ஒரே முகம் என்று நினைக்கும் ஊர் இது. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"உம்மை ஆரும் அடையாளம் காட்டினால் நான் விடுறன்," என்றார். "இல்லாட்டி நான் என்ன செய்யிறது? சட்டம் இப்பிடித்தான் கிடக்கு. பொலிசிலை ஒப்படைக்க வேணும்."

அங்கம்மா கிளாக்கரைப் பார்த்தாள். கிளாக்கர் கூரையைப் பார்த்தார்.

தம்பிமாரே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் என் நாக்கு பொட்டணிக்குள் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அந்தத் தோட்டத்துக் கேட் எனக்கு இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கேட்டும் இல்லை, துரைமார் ஒரே கிளப்பில்தான் குடிக்கிறார்கள். மடுல்கெல்ல பாதையே கடையின் கையை விட்டுப் போய்விடும். திறக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளின் தாய் இன்று ராத்திரி பொலிஸ் கூட்டில். யோசிக்க நேரம் இல்லை. கிளாக்கர் என்னைக் கண்டுவிட்டார்.

"என்னா நானா, இங்க? ஒனக்கு ஞாயித்துக்கெழம கேட்டு வேணாமா?"

அதை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ. சொன்னார். எனக்கு மண்டையில் ஏறியது.

"சேர், அந்தச் சேல நான் வித்தது," என்றேன். "இவங்க பேரு அங்கம்மா. நான் வருஷக் கணக்கா இவங்கட லயத்து வாசல்ல போய் நிக்கிறவன். ஒரு லயத்துல ஒரே அச்சு ரெண்டு பேருக்கு நாங்க விக்கிறதில்ல, சேர். கண்டி புடவைக் கடக்காரர் ஆரயும் கேளுங்க. அந்த லயத்துல இந்தச் சேல ஒண்டுதான் இருக்குது. நீங்க நாலு தரம் கண்டது நாலு பேர, ஒரு சேலயில. வேற உடுப்பில்லாமத்தான் மாத்தி மாத்திக் கட்டிட்டு வாராங்க."

உத்தியோகத்தர் கண்ணாடியைப் போட்டார். "கதை நல்லாய்த்தான் இருக்கு. ஆனா நீர் துணி விக்கிற ஆள், உம்மடை சொல்லை மட்டும் வைச்சு நான் எழுதேலாது. அப்ப மற்றப் பெண்டுகள் எங்கை?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்த வீரனுக்கு அடுத்தது என்ன என்று தெரியவில்லை. அவர்களைக் காட்ட வேண்டும். காட்டுவதென்றால் எப்படி? சேலை இங்கே அங்கம்மாவின் உடம்பில். அவர்கள் அங்கே கிழிசலில். எதை மறைக்க ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சேலை வாங்கினார்களோ, அதைக் கடைத்தெரு முழுக்கப் பார்க்க நடந்து வர வேண்டும். அதைப் போய்க் கேட்க வேண்டியவன் நான். அங்கம்மாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"என்னப் புடிச்சுக்கிட்டுப் போகட்டும்," என்றாள் மெதுவாக. "அவளுகளக் கூப்பிடாதீங்க."

நான் கேட்கவில்லை. ரோட்டைக் கடந்து ஓடினேன். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று நடந்ததைச் சொன்னேன். தேத்தண்ணிக்காரி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு காத்தாயியின் குரல். "சின்ன நானா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அப்புறம் மற்றவர்களிடம்: "எந்திரிங்கடி. பாக்குறவன் பாக்கட்டும்."

எட்டுப் பேரும் வந்தார்கள். சாக்குப் படங்கும் தோளில் முடிச்சுப் போட்ட கந்தலும். ரோட்டில் நின்ற ஆண்களில் ஒருவன் சீட்டியடித்தான். காத்தாயி நடையைக் குறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் போய் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"நல்லாப் பாருங்க, ஐயா," என்றாள் காத்தாயி. "சேல இல்லாம வந்திருக்கோம். இப்ப மூஞ்சி தெரியுதுங்களா?"

அந்த உத்தியோகத்தர் எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டார். கேட்கும்போது முகத்தைப் பார்த்தார். கிளாக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீர் கொஞ்சம் பேசாமல் இரும்," என்றார்.

அங்கம்மா சீட்டை வாங்கிக்கொண்டு பெட்டி இருந்த அறைக்குள் போனாள். அவள் வெளியே வந்ததும், மிச்சம் இருந்த நாலு பேருக்கும் சேலையை அவிழ்த்துக் கொடுக்கத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர்கள் போகவில்லை. நின்ற கோலத்திலேயே சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது.

கடைக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"நீ செஞ்சது நியாயம், மகன்," என்றார். "ஒன்ட எடத்துல நான் இருந்தா செஞ்சிருப்பனா தெரியா. ஆனா கட மூடினா பத்துக் குடும்பம் நிக்கிது. தொரைட ஆள் வந்துட்டுப் போய்ட்டான். நாளைலேந்து நீ வராத."

"மத்த ஆக்கள உள்ளுக்கு விடுவாங்களா?"

"நீ போனா விடுறதாச் சொன்னான்."

நான் போனேன். ஆனாலும் துரைமார் மற்றப் பொட்டணிக்காரர்களையும் மடுல்கெல்ல பக்கம் உள்ளே விடவில்லை. கடையை விட்டாலும் உங்களுக்காக அதையும் எழுதிவைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள். பணிந்து போனால் கதவு திறக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், எங்கள் முதலாளியைப் போய்ப் பாருங்கள்.

சிவப்புப் பெட்டிக்காரர் ஜெயித்தார். கொழும்புக்குப் போனார். சொன்ன மாதிரியே துணியைப் பற்றிச் சபையில் பேசினார், நன்றாகத்தான் பேசினார். பத்திரிகையில் வந்தது. ஜப்பான் துணிக்கு வைத்த அளவு அப்படியே இருக்கிறது. பேசலாம். கை தூக்கலாம். துறைமுகத்துச் சாவி இன்னும் லண்டனில். வயிற்றுக்கும் உடுப்புக்கும் ஆகாத வாக்கு என்னத்துக்கு என்று என்னோடு படித்தவர்கள் சிலர் தேத்தண்ணிக் கடையில் குந்திக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு பதில்தான் வைத்திருக்கிறேன்: காத்தாயியிடம் போய்க் கேளுங்கடா. அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் அவள் முகத்தை ஒரு உத்தியோகத்தன் எழுந்து நின்று பார்த்தான். வாக்கு இருந்ததால் பார்த்தான். அது போதாது. போதவே போதாது. ஆனால் அதையும் விட்டுவிட்டால் பிறகு சங்கிலி மட்டும்தான் மிஞ்சும்.

நீங்கள் இனித் தெல்தோட்டை பக்கமும் ஹுன்னஸ்கிரிய பக்கமும் போவீர்கள். ஒரே அச்சை ஒரு லயத்தில் இரண்டு பேருக்கு விற்காதீர்கள், அந்தச் சட்டம் சரி. நாக்கைப் பற்றிய சட்டத்தை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும்: வாயைத் திறக்கிறவனைவிட, அதற்குப் பிறகு ரோட்டைக் கடந்து நடக்க வேண்டியவளுக்குத்தான் செலவு அதிகம். அவளிடம் கேட்காமல் திறக்காதீர்கள். அங்கம்மா வேண்டாம் என்றாள், நான் ஓடினேன். சரியா பிழையா என்று இன்றைக்கும் அவளோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. கேட் எனக்குச் சாத்தியிருக்கிறது, போய்ச் சண்டை பிடிக்க வழியில்லை.

மடுல்கெல்ல பஸ் இப்போது தெருமுனையில் நிற்கிறது. கூரையில் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்த் தகரம். பொட்டணி ஒன்றும் இல்லை.